வடக்கு ஜன்னல் அறையில் உட்கார்ந்தவள்

பொய் சொல்லிப் பிழைக்கிற வயசை நான் தாண்டி நாளாயிற்று, தங்கங்களா. இது நடந்தது. எனக்கு மருமகள் முறையாகிற ஒருத்திக்கு நடந்தது. அவள் வாயாலேயே மூன்று தரம் கேட்டிருக்கிறேன். மூன்று தரமும் மணி மாறவில்லை, நிமிஷம் மாறவில்லை. பொய்யென்றால் ஒரு தரமாவது இடறியிருக்கும். நடு ராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதையும் எதிர்பார்த்து உட்காராதீர்கள். நடந்ததெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே... சாயங்காலம் ஐந்து இருபதுக்கு.

அவளை வீட்டில் எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். நிலைப்படிகளில் குனிந்து குனிந்தே பழகியதால் கழுத்து எப்போதும் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கும். எண்ணெய் வண்ணத்தில் படம் வரைகிறவள். நாற்பத்தொரு வயது. அவளுடைய சித்தி மகள் வாண்டு, ஒன்பது வயசு சின்னவள். அவளும் ஓவியர்தான். நெட்டை பிரஷ் பிடித்துப் பத்து வருஷம் கழித்துப் பிரஷ் பிடித்தவள். அந்தப் பத்து வருஷக் கணக்கை நெட்டை யாரிடமும் சொன்னதில்லை. மறந்ததும் இல்லை.

ஒரு பழைய பள்ளிக்கூடத்தைக் கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். கீழே பானை வனையும் சக்கரம், பாட்டு வகுப்பு, குழந்தைகள் காகிதம் வெட்டி ஒட்டுகிற கூடம். மாடியில் ஓவியர்களுக்கு இரண்டு அறை. இரண்டு என்று பேர்தான். ஒரே அறையை நடுவில் பிளைவுட் தட்டி வைத்துப் பிரித்திருந்தார்கள். தட்டி கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி. ஜன்னல் ஒன்றே ஒன்று, வடக்குப் பார்த்தது, பெரியது. அதில் வெயில் நேராக அடிக்காது. வெளிச்சம் மட்டும் நாள் முழுக்க ஒரே சீராக இறங்கும். அப்படி ஒரு ஜன்னலுக்கு ஓவியர்கள் நகையைக்கூட விற்பார்கள்.

நிபந்தனை இதுதான். மூன்று மாதம் இரண்டு பேரும் அங்கே இருந்து வரையலாம். முடிவில் கண்காட்சி. யாருடைய படம் தேறுகிறதோ, தட்டியை எடுத்துவிட்டு மொத்த மாடியும் அவளுக்கு, மூன்று வருஷத்துக்கு. மற்றவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எந்தப் பக்கம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். ஜன்னல் வாண்டுவுக்கு விழுந்தது.

"அக்கா, வேணும்னா மாத்திக்கலாமா?"

"போடி. எனக்கு டியூப்லைட்டே போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அடிவயிற்றில் ஒரு கரித்துண்டு கனிய ஆரம்பித்துவிட்டது. கேட்காமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கேட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பெரிய மனசாம்!

முதல் வாரம் அறையைச் சீர்பண்ணுவதிலேயே போயிற்று. அலமாரித் தூசியைத் துடைத்தாள். ஜாம் பாட்டில்களைக் கழுவி பிரஷ்களை நிற்க வைத்தாள். தரையில் பழைய செய்தித்தாள் விரித்தாள். எல்லாம் முடிந்து முக்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், தட்டிக்கு மேலே அந்த ஒரு முழ இடைவெளி வழியாக வாண்டுவின் வெளிச்சம் இவள் கூரையில் ஒரு பட்டையாக விழுந்திருந்தது. பந்தியில் அடுத்த இலையிலிருந்து சிந்தியதைப் போல. அன்றிலிருந்து கேன்வாஸைப் பார்த்ததைவிட அவள் அந்தப் பட்டையைப் பார்த்ததுதான் அதிகம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், இது தெரியாவிட்டால் மற்றது புரியாது. அக்கா தங்கைக்குள் ஒரு பழக்கம் உண்டு. பார்த்து வரைய ஆள் வேண்டுமே, கூலி கொடுத்துக் கூப்பிட வசதி ஏது? யார் கை சும்மா இருக்கிறதோ அவள் போய் மற்றவள் எதிரே உட்கார வேண்டும். கூப்பிடவே வேண்டாம். உட்கார்ந்தவள் வாயைத் திறக்கக் கூடாது. வரைகிறவள் முகத்தை முகமாகப் பார்க்கக் கூடாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, இங்கே வெளிச்சம், இங்கே நிழல் என்று மட்டும் பார்க்க வேண்டும். சண்டை போட்ட நாட்களில்கூட அப்படித்தான். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவர்களுக்குள் இல்லை. வந்து உட்கார்ந்தால் சமாதானம் என்று அர்த்தம்.

ஒன்பதாம் நாள் வாண்டு எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, சாயங்கால வெளிச்சம் அப்படியே தேன் மாதிரி வருது. வந்து உட்காரேன்."

"உன் ஜன்னலையே உட்கார வச்சு வரைஞ்சுக்கோ."

"என்னக்கா இப்படிப் பேசறே?"

"வேற எப்படிப் பேசணும்? உனக்கென்ன, உழைச்சா வாங்கினே? சீட்டுல வந்ததுதானே."

வாண்டு தன் பக்கம் போய்விட்டாள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

மூன்று நாள் கழிந்தது. நான்காம் நாள், சாயங்காலம் ஐந்து இருபது. கீழே பாட்டு வகுப்பு விடுகிற மணி ஐந்தேகாலுக்கு அடிக்கும். அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். க்ர்ர்ர்...

பிறகு வாண்டுவின் குரல். மெதுவாக, சந்தோஷமாக.

"வந்துட்டியா... உட்காரு."

நெட்டையின் கை அப்படியே நின்றது. யார் அது? என் இடத்தில் யாரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாள்? காது தானாகத் தட்டியோடு ஒட்டிக்கொண்டது. வந்தவள் பேசவில்லை. பிரஷ் கேன்வாஸில் உரசும் சத்தம் மட்டும். ஸ்ஸ்க்... ஸ்ஸ்க்... நல்ல வேகம். வேலை நன்றாக ஓடுகிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது. கரித்துண்டு நெருப்பாயிற்று.

மறுநாளும் ஐந்து இருபது. அதற்கு மறுநாளும். தினமும்.

கீழே வாசலில் சாவிக்காரர் உட்கார்ந்திருப்பார். நெட்டை அவரைப் பிடித்தாள்.

"வாண்டு ரூமுக்கு தினம் யாருங்க வர்றது?"

"யாரும் வரலையேம்மா."

"சாயங்காலம் ஒரு பொம்பளை..."

"மாடிக்கு இருக்கிறது ஒரே படி. அதுல கொசு ஏறினாக்கூட எங்கிட்ட சொல்லிட்டுத்தான் ஏறும்."

வாண்டு இவரையும் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்று நெட்டை நினைத்தாள். பொறாமைக்கு எல்லாம் சாட்சிதானே.

ஆனால் சின்னச் சின்னதாகச் சில சங்கதிகள் சரியில்லாமல் போக ஆரம்பித்தன. முதலாவது, டியூப்லைட். எந்நேரமும் வண்டு மாதிரி ரீங்கரிக்கும். அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டதும் ரீங்காரம் நின்றுவிடும். விளக்கு எரியும், சத்தம் இருக்காது.

அப்புறம், நேரம். ஐந்து இருபதுக்குக் காதை வைப்பாள். ஒரு நிமிஷம் கேட்ட மாதிரிதான் இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் ஆறு மணி. பிரஷில் தொட்ட வண்ணம் கேன்வாஸில் படாமலே இருக்கும். இந்த நாற்பது நிமிஷம் நான் எங்கே இருந்தேன்? நினைவுக்கு வராது. கால் மட்டும் மரத்துப் போயிருக்கும், நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தவளுக்கு மரத்துப் போவதைப் போல.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் ஒவ்வொரு தரமும் இறங்கும்.

ஒருநாள் தட்டிக்கு அந்தப் பக்கம் வாண்டு சொன்னாள். "கழுத்தை இடது பக்கம் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும்."

இந்தப் பக்கம் நெட்டையின் கழுத்து இடது பக்கம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் திரும்பியது. நின்றது.

அவள் திருப்பவில்லை.

புத்தியுள்ளவள் அன்றே ஓடியிருப்பாள். நெட்டை ஓடவில்லை. ஏன் தெரியுமா கண்ணுகளா? பயத்தைவிடப் பொறாமை பெரிதாக இருந்தது. இவளுடைய கேன்வாஸ் பாதியில் கிடந்தது. அங்கே ஒரு படம் வளர்கிறது. அது தேறிவிட்டால் ஜன்னல் போயிற்று, மூன்று வருஷம் போயிற்று, அக்கா என்கிற பேரும் போயிற்று. அந்தப் படத்துக்கு உட்கார்ந்திருப்பவள் யார்? அந்த மூஞ்சியை ஒரு தரம் பார்த்தே ஆக வேண்டும்.

கண்காட்சிக்கு முந்தின நாள்.

ஐந்தேகாலுக்கு மணி அடித்தது. நெட்டை முக்காலியைத் தூக்கித் தட்டியோரம் வைத்தாள். அவள் உயரத்துக்கு அதன் மேல் ஏறினால் போதும், இடைவெளி வழியாக முழுவதும் தெரியும்.

ஐந்து இருபது.

க்ர்ர்ர்...

டியூப்லைட் ரீங்காரம் நின்றது.

"வந்துட்டியா. இன்னைக்கு முடிஞ்சிடும்." வாண்டுவின் குரல்.

நெட்டை முக்காலியில் ஏறினாள். தட்டியின் விளிம்பைப் பிடித்தாள். எட்டிப் பார்த்தாள்.

ஜன்னல் நிறைய வெளிச்சம். வாண்டு கேன்வாஸுக்குப் பின்னால் நின்றாள். கண் பாதி மூடியிருந்தது. எதிரே நாற்காலி.

நாற்காலியில் ஒருத்தி, இவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

நீளமான முதுகு. கொஞ்சம் முன்னால் சாய்ந்த கழுத்து.

கொண்டையில் ஒரு பிரஷ் செருகியிருந்தது. பச்சைப் பிடி. பிடியில் பல் பதிந்த தடம்.

நெட்டை தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிரஷ் அங்கேதான் இருந்தது. பச்சைப் பிடி...

நாற்காலியில் இருந்தவளும் கையைத் தூக்கினாள்.

தன் கொண்டையைத் தொட்டாள்.



"அசையாதே அக்கா," என்றாள் வாண்டு.

நாற்காலியில் இருந்த தலை மெதுவாகத் திரும்பியது...

கன்னம் தெரிந்தது...

முக்காலி கவிழ்ந்தது.

எப்படிப் படி இறங்கினாள், செருப்பு எங்கே போயிற்று, ஒன்றும் தெரியாது. வாசலைத் தாண்டும்போது சாவிக்காரரின் சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தாள். ஐந்து நாற்பத்தொன்று.

அவள் கண்காட்சிக்குப் போகவில்லை. சாமான்களையும் எடுக்கவில்லை. வாண்டுவிடம்கூடச் சொல்லாமல் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ரயிலில் இரண்டு நாள் தூரம். அங்கே பாடப் புத்தகங்களுக்குப் படம் போடுகிற வேலை கிடைத்தது. தவளை, ரோஜா, நெம்புகோல். வாண்டுவின் படம்தான் தேறியது என்று கேள்விப்பட்டாள். ஒருநாள் முழுக்க வயிறு எரிந்தது. பிறகு அதுவும் ஆறிவிட்டது என்றே நினைத்தாள்.

நான்கு மாதம் கழித்து வாண்டு போன் செய்தாள்.

"அக்கா, ரெண்டு வார்த்தை பேசலாமா? எனக்கு உன் மேல கோவமே இல்ல. அன்னைக்கு நீ அப்படிப் பேசினது கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா நாலாம் நாளே நீயா வந்து உட்கார்ந்தே பாரு... எல்லாம் போயிடுச்சு. அந்தப் படமே உன்னாலதான். முகம் மட்டும் எனக்கு வரவே இல்ல. வெறும் வெளிச்சமா விட்டுட்டேன். அதைத்தான் எல்லாரும் பாராட்டினாங்க."

நெட்டை கஷ்டப்பட்டுச் சொன்னாள்.

"வாண்டு... நான் வரல. ஒருநாள்கூட வரல."

"விளையாடாதே அக்கா."

"சத்தியமா வரல. நான் தட்டிக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன்."

"சரி, அப்ப வரல. நேத்து?"

"நேத்தா?"

"நேத்தும்தானே வந்தே. அதைக் கேக்கத்தான் போன் பண்ணேன். முன்னெல்லாம் வந்தா நாற்காலியில உட்காருவே. இப்ப ஏன் எனக்குப் பின்னாடி வந்து நிக்கறே? திரும்பிப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்குக்கா."

நேற்று நெட்டை தம்பி வீட்டுக் கூடத்தில் தவளைக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த நிமிஷம் அவளுக்குத் தன்னைப் பற்றிய பயம் இல்லை, தங்கங்களா. அவ்வளவு வருஷமாக இல்லாத ஒரு பாசம் தங்கை மேல் பொங்கிக்கொண்டு வந்தது. பாவி, தனியாக அந்த மாடியில் இருக்கிறாளே!

"வாண்டு, நான் சொல்றதைக் கேளு. அந்த ரூம் வேண்டாம்மா. இன்னைக்கே காலி பண்ணிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."



வாண்டு பேசியபோது அவள் குரல் உடைந்திருந்தது.

"நேத்தும் இதையேதான் சொன்னே... காது பக்கத்துல குனிஞ்சு, இதே வார்த்தை. இன்னுமாக்கா உனக்கு ஆறல?"