பனி படாத ஸ்வெட்டர்

கர்த்தரைக் கேட்காமல் என் அப்பா எதையும் செய்ததில்லை. ஃப்ரிட்ஜ் வாங்கலாமா என்பதற்குக்கூட அவருடைய சித்தம் தெரிந்தாக வேண்டும். அதற்காக ஓசூர் நெடுஞ்சாலையோரம் என்னையும் நிறுத்திக்கொண்டு கண்ணை மூடி ஜெபிப்பார். அடுத்து வரும் லாரி கர்நாடகப் பதிவெண் கொண்டிருந்தால் 'ஆம்'. தமிழ்நாட்டுப் பதிவெண் என்றால் 'பொறுத்திரு'. ஃப்ரிட்ஜ் விஷயத்தில் ஓர் ஆந்திர லாரி வந்துவிட்டது. அதற்கு என்ன பொருள் என்று தெரியாமல் அந்தக் கோடை முழுவதும் பானைத் தண்ணீர் குடித்தோம்.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஆலை வேலைக்காக ஓசூருக்கு வந்தவர். நான் மூன்றாம் வகுப்புப் படித்த ஆண்டு, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, அக்காவைப் பற்றி இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. சூளகிரிக்கு அருகே புதிதாகத் திறந்த மின்னணு உதிரிபாக ஆலையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிக்கொண்டு படிப்பையும் தொடரலாம். அதே வாரத்தில், பர்கூரில் கிரானைட் குவாரி நடத்தும் ஒருவர் அவளைப் பெண் கேட்டார். வயதில் மிக மூத்தவர், மனைவியை இழந்தவர், அங்குள்ள சபையில் பெரிய மனிதர்.

அவருடைய வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். வீட்டின் பின்னால் கல் எடுத்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று, பச்சைத் தண்ணீர் நிறைந்து, ஓர் அலையும் இல்லாமல் கிடந்தது. முதல் மனைவி அதில் தவறி விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பின்வாசல் படியில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது. ஊரெல்லாம் கல்தூசி படிந்திருந்த அந்த இடத்தில் அந்தச் செருப்பின்மீது மட்டும் ஒரு துளித் தூசி இல்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும் பேருந்தில் அக்கா சொன்னாள்: “அப்பா, எனக்கு அந்த வீடு வேண்டாம்ப்பா. நான் வேலைக்குப் போறேன்.”

“உனக்கு வேணுமா வேண்டாமாங்கது இல்லட்டி கேள்வி,” என்றார் அப்பா. “கர்த்தருக்கு எது வேணும்னு கேப்போம்.”

அம்மா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா ஜெபித்து முடித்தால் 'ஆமென்' சொல்வதைத் தவிர, அவர் முடிவுகளைப் பற்றி அவள் வேறொரு வார்த்தை பேசி நான் கண்டதில்லை.

இவ்வளவு பெரிய காரியத்தை லாரிகளிடம் விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. வேதத்தில் ஒரு நியாயாதிபதி, ஆட்டு ரோமத்தை இரவில் களத்தில் போட்டுவைத்து ஆண்டவரிடம் அடையாளம் கேட்டார். முதல் நாள் ரோமம் மட்டும் நனைந்து தரை காய்ந்திருந்தது. மறுநாள் தரை நனைந்து ரோமம் மட்டும் காய்ந்திருந்தது. அதையே நாமும் கேட்போம் என்றார் அப்பா. அப்படியே நடந்தால் அக்கா வேலைக்குப் போகலாம், இல்லையென்றால் பர்கூர். எங்கள் வீட்டில் ஆட்டு ரோமம் என்று இருந்தது என் சிவப்புக் கம்பளி ஸ்வெட்டர் ஒன்றுதான்.

சாயங்காலம் அதைச் சிமெண்டு முற்றத்தில் கைகளை விரித்துக் கிடத்தினார். வீட்டுக்காரம்மா கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரர், வீட்டில் கன்னடம் பேசுபவர். மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். “ஏனண்ணா, காஞ்ச துணிய யாராச்சும் பனியில போடுவாங்களா? உங்க சாமிக்குக் குளுருதா?”

அப்பா சிரிக்கவில்லை. நான் அந்தக் கேள்வியைப் படுக்கைக்குக் கொண்டுபோனேன்.

முதல் நாள் காலையில் ஸ்வெட்டரைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. முற்றம் காய்ந்திருந்தது. அப்பா கைகளை உயர்த்தி நன்றி சொன்னார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அம்மாவின் முகத்தில் மட்டும் மகிழ்ச்சியைக் காணோம். மறுநாள் இதற்கு நேர்மாறாக நடந்தாக வேண்டுமே! அப்பா ஸ்வெட்டரைப் பகலில் காயவைத்து, சாயங்காலம் மறுபடியும் முற்றத்தில் விரித்துப் போட்டார்.

அடுத்த நாள் விடிந்தபோது வெளிக்கதவே தெரியாத அளவுக்கு மூடுபனி. முற்றம் முழுவதும் ஈரம். நடுவில் என் ஸ்வெட்டர் உலர்ந்து கிடந்தது. சாயங்காலம் விரித்துப் போட்ட அதன் கைகள், இப்போது மார்பின்மேல் மடிந்திருந்தன.

“ஸ்தோத்திரம்!” என்று அப்பா ஈரத்தரையிலேயே முழங்கால் போட்டார்.

அம்மா அதை எடுத்து எனக்கு மாட்டிவிட்டாள். உள்ளே சூடாக இருந்தது. யாரோ இரவெல்லாம் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, இந்த நிமிடம்தான் கழற்றிக் கொடுத்ததுபோன்ற சூடு. கூடவே நீலகிரித் தைலத்தின் வாசனை. நான் அழத் தொடங்கினேன்.

“என்னட்டி?”

“சாமி போட்டிருந்தாரும்மா. இன்னும் சுடுது.”

பொத்தானில் இருந்த அம்மாவின் விரல்கள் நின்றன. பிறகு கழுத்துவரை எல்லாப் பொத்தானையும் போட்டுவிட்டு, என் காதருகே, “யார்ட்டயும் சொல்லாத,” என்றாள்.

அதற்குப் பின் அந்த ஸ்வெட்டரை நான் போடவில்லை. கடவுளுக்கும் தலைவலி வரும், அவரும் தைலம் தேய்த்துக்கொள்வார் என்று எண்ணியபடியே அந்தக் குளிர்காலம் முழுவதும் பள்ளியில் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஆலைப் பேருந்தில் ஏறிப் போனாள். படித்தாள், தனக்குப் பிடித்தவரை மணந்தாள். பர்கூர்க்காரர் அந்த ஆண்டே வேறோர் ஊரில் பெண் எடுத்தார். அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரித்ததில்லை. நாங்கள் பெற்ற அடையாளத்துக்கு அவளும் ஒரு விலை கொடுத்திருக்கக்கூடும் என்ற எண்ணம் எனக்கு இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது.

சென்ற டிசம்பரில் அக்காவின் மகளுக்காக அம்மா அந்த ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அன்றுதான் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு அப்பா தூங்கியதும் அதை எடுத்துவந்து தன் நெஞ்சோடு வைத்துப் படுத்திருக்கிறாள். விடியுமுன் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள்.

“அப்போ மொத நாளும் நீதானாம்மா?”

“மொத நாளு நான் எந்திரிக்கவே இல்லட்டி. அது கர்த்தர் செஞ்சது.” ஸ்வெட்டரை மடியில் வைத்து நீவினாள். “மறுநாளும் அவரே செஞ்சிருப்பாரு. அந்தச் செருப்பு கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. நம்பாமப் போனது நான்தான்.”

சிமெண்டுத் தரை பகல் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும், கம்பளி விரைவில் குளிர்ந்து பனியை ஏற்கும் என்று என் படிப்பு சொல்கிறது. ஆனால் மறுநாளும் அதே தரைதான், அதே பனிக்காலம்தான். அன்று தரை ஏன் அப்படி நனைந்திருந்தது என்று அந்தப் படிப்பு எனக்குச் சொல்லவில்லை.

அந்த நிகழ்ச்சிக்குப் பிந்தைய திருவிருந்து ஞாயிறுகளில் அம்மா எழுந்து போகவே இல்லை. மனதில் குற்றத்தை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தையும் ரசத்தையும் வாங்கக் கூடாது என்பார்கள் எங்கள் சபையில். சபை முழுவதும் வரிசையாகப் பீடத்தை நோக்கி நகரும். அப்பா எல்லோருக்கும் முன்னால் நிற்பார். கேட்டவர்களிடம் அவள் வயிற்றுவலி என்றாள். திருவிருந்து வாங்கும் வயது வராத எனக்கு அந்தக் காலி வரிசையில் துணை கிடைத்ததில் பெரிய மகிழ்ச்சி. குளிருக்கு அவள் மார்பில் சாய்ந்துகொள்வேன். அதே சூடு, அதே தைல வாசனை. அப்போதும் எனக்குத் தெரியவில்லை.