அண்ணாந்து குடித்த ஒயின்

டொராண்டோவிலிருந்து மாண்ட்ரியல் வரும் பேருந்தில் நான் வழிநெடுகக் காலாட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் என் முழங்காலை ஒருமுறை முறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நிமிடமே கால் மறுபடியும் ஆடத் தொடங்கியது.

நான் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்ட பெண்ணுக்கும் எனக்கும் டொராண்டோவில் ஒரே அலுவலகம். அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அம்மாவும் அண்ணனும் மாண்ட்ரியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்தார்கள், அப்பா இல்லை. "அண்ணை ஓம் எண்டா அம்மாவும் ஓம். அண்ணை இல்லையெண்டா நான் நிலத்தில கிடந்து அழுதாலும் இல்லைதான்" என்று முன்பே சொல்லிவிட்டாள். நான் வருவதற்கு முந்தின நாளே அவள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஆனால் அண்ணன் என்னை நேராக வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. "முதல்ல என்ர வேலைத்தலத்துக்கு வரட்டும். பேந்து வீட்டைப் பற்றிப் பாப்பம்" என்றாராம்.

அவர் வேலை செய்தது ஓர் ஒயின் கூடத்தில்.

நான் அதுவரை குடித்ததே இல்லை. அப்பாவும் அம்மாவும் கம்பம் பக்கம் திராட்சைப் பந்தல்களில் கூலி வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். குடிக்காமல் இருந்தது பெரிய ஒழுக்கத்தால் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை சறுக்கினால் தாங்கிப் பிடிக்கப் பின்னால் ஆள் கிடையாது என்கிற பயம்தான்.

அறை நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "மச்சி, இது டெஸ்ட்டுடா. வாயில வச்சேன்னா குடிகார மாப்ளன்னு முடிச்சுருவாங்க" என்றான் ஒருவன். "போடா, அந்தாளு சோறு திங்கிறதே அதுலதான். வேணாம்னு சொன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆகாதா?" என்றான் மற்றவன். இரண்டும் சரியாகப் பட்டதுதான் கஷ்டம்.

வில்லரே பகுதியில், ழாரி மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் அந்த இடம். முன்பு கார் பழுது பார்க்கும் கூடமாக இருந்திருக்க வேண்டும். தகரக் கதவு அப்படியே இருந்தது. உள்ளே பீப்பாய்கள், ஒரு நீள மர மேடை. வாசலைத் தாண்டிப் போய், டெபனர் என்று இங்கே சொல்லும் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு சூயிங்கம் வாங்கி, அதை மெல்லாமல் பையில் போட்டு, மறுபடி வந்து, மறுபடி தாண்டிப் போனேன். மார்ச் மாதத்துப் பனிச்சேறு பேண்டில் தெறித்திருந்தது. மேலே மட்டும், பெண் பார்க்க வந்தவன் என்ற நினைப்பில், வெள்ளைச் சட்டை.

மேடைக்குப் பின்னால் கறுப்பு ஏப்ரன் கட்டியவர் "போன்ஜூர்" என்றார். என் முகத்தைப் பார்த்ததும், "ஓ, நீரோ? வாரும். சாப்பிட்டனீரோ?" என்றார்.

"சாப்பிட்டேங்க அண்ணா." சாப்பிடவில்லை.

மேடையின் அந்தக் கோடியில் வயதான தம்பதி ஒன்று பிரெஞ்சில் மெல்லப் பேசியபடி சுவைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்தார். திராட்சை ஒன்டாரியோவிலிருந்து லாரியில் வருகிறது, ஒயின் ஆக்குவது இங்கேயே என்றார். "இது பழைய கொடி. நாப்பது வருசத்துக்கு மேல. கிழட்டுக் கொடி கொஞ்சம்தான் காய்க்கும். ஆனா இருக்கிற சாரத்தை எல்லாம் அந்தக் கொஞ்சத்துக்குள்ள வைக்கும்."

"எங்க ஊர்ல காய்ப்பு குறைஞ்சா வெட்டிட்டு வேற வச்சிருவாங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் நாக்கைக் கடித்தேன். அவர் பெருமையாகச் சொல்வதை மட்டம் தட்டிய மாதிரி ஆகிவிட்டதோ?

அவர் ஒரு கிளாசில் கொஞ்சம் ஊற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து, மேடைமேல் இருந்த எவர்சில்வர் வாளிக்குள் துப்பினார். சாப்பிடுகிற மேடையில், மனிதர்களுக்கு நடுவே, எச்சில் வாளி! அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் கீழேயிருந்து வேறு கிளாஸ் எடுத்ததை நான் கவனிக்கவில்லை. ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். அது அவர் வாய் வைத்த கிளாஸ், இருவருக்கும் பொது என்றே நினைத்தேன். மரியாதைக்குரியவர் திரும்பக் குடிக்கப்போகும் கிளாசை எச்சில் பண்ணலாமா? தலையை அண்ணாந்து, உதடு படாமல், செம்புத் தண்ணீர் குடிப்பதுபோல் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டேன்.

செம்பு வேறு, அந்த அகல வாய்க் கிளாஸ் வேறு. பாதி நேராகத் தொண்டைக்குள் இறங்கியது. மீதி மூக்கிலும் கழுத்திலும் வெள்ளைச் சட்டையிலும். புரையேறி, கண்ணில் நீர் முட்ட இருமினேன். அந்தக் கோடியிலிருந்த கிழவி கை தட்டி "பிராவோ!" என்றாள். அவள் கணவர் அவள் கையைப் பிடித்து அமுக்கினார்.

அண்ணன் ஒரு துணியை எறிந்தார். "என்ன காணும் செய்யிறீர்? அது உம்மட கிளாஸ்!"

"பொதுக் கிளாஸ்னு நினைச்சிட்டேங்க."

"சரி. எப்பிடி இருந்தது?"

"நல்லா இருந்துச்சுங்க."

இரண்டாவதை ஊற்றினார். இந்த முறை வாய் வைத்துக் குடித்தேன். வாளி பக்கத்திலேயே இருந்தும் பெரியவர் எதிரில் துப்ப மனம் வரவில்லை, விழுங்கினேன். நாக்கு சுருங்கியது. "இதுவும் ரொம்ப நல்லா இருக்குங்க." மூன்றாவது பாட்டிலைத் திறந்து எனக்கு ஊற்றும்போது கிழவர் ஏதோ கேட்டதால், அண்ணன் அதைச் சுவைத்துப் பார்க்காமலே அந்தப் பக்கம் போனார். திரும்பி வருவதற்குள் நான் குடித்துவிட்டு, "மூணுல இதான் பெஸ்ட்டுங்க" என்றேன்.

அவர் என் கிளாசை எடுத்து முகர்ந்தார். முகம் மாறியது. "இது பழுதாப் போச்சு. ஈர மட்டைப்பெட்டி மாதிரி மணக்குது. உமக்கு மணக்கேல்லையோ?"

நான் சட்டைக் கறையைத் துணியால் தேய்த்தேன்.

"நாளைக்கு என்ர தங்கச்சி உம்மோட குடும்பம் நடத்தேக்க, களைச்சு விழுந்து வந்து 'நான் எப்பிடி இருக்கிறன்' எண்டு கேட்டாலும், நல்லாத்தான் இருக்கிறாய் எண்டு சொல்லுவீரோ?"

எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. முடிந்துபோனதற்கு எதற்கு நடிப்பு?

"அண்ணா, எனக்கு ஒயின் தெரியாது. வாழ்க்கையில இதான் முதல் தடவை. முதல்ல குடுத்தது ருசியே தெரியல, தொண்டைக்குள்ள போயிருச்சு. ரெண்டாவது துவர்த்துச்சு. மூணாவது நாறுச்சு. நாறுதுன்னு சொன்னா நீங்க பொண்ணு தரமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"பேந்து ஏன் காணும் குடிச்சனீர்?"

"குடிக்கலைன்னாலும் தரமாட்டீங்கன்னு நினைச்சேன்."

அவர் பழுதான பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தார். குழாயைத் திறந்து தொட்டியைக் கழுவினார். பிறகு எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "நீர் குடிக்கிறீரோ இல்லையோ, அது எனக்கு வேண்டாம். என்ர வேலையைக் கேட்டாலே எங்கட ஆக்கள் 'பாரிலயோ நிக்கிறார்' எண்டு சொல்லிப்போட்டு அம்மாவைப் பாவமாப் பாப்பினம். வாற ஆள் என்னை எப்பிடிப் பாக்கிறார் எண்டு பாக்கத்தான் இஞ்ச கூப்பிட்டனான்."

அவரும் பயந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "நான் வாளியைத்தான் ஒரு மாதிரி பார்த்தேங்க. உங்களை இல்ல" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கண் என் சட்டைக்குப் போனது. "உப்பிடியே தனியாப் போனா அம்மா கதவு திறக்கமாட்டா." ஏப்ரனைக் கழற்றிப் பின்னறையில் வேலை செய்துகொண்டிருந்த பெண்ணிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்லி, கோட்டை மாட்டினார். "நடவும். நானும் வாறன்."

மெட்ரோவில் இருக்கை காலியாக இருந்தும் நான் கம்பியைப் பிடித்து நின்றேன். கேட்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாயைத் திறந்து மூடினேன். அவர் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தார். வீடு வந்ததும் கதவைத் திறந்த அவளுடைய அம்மா முதலில் என் சட்டையைப் பார்த்தார். பிறகு மூக்கைச் சுளித்தார். பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்ன தம்பி இது? குடிச்சிட்டோ வாறியள்?"

நான் திக்கினேன். அண்ணன் பனி பூட்ஸைக் கழற்றக் குனிந்தபடியே பதில் சொன்னார். "ஊத்தினது நான் அம்மா. உந்தாளுக்குக் குடிக்கவும் தெரியாது, பொய்யும் வடிவாச் சொல்லத் தெரியாது. கதையை நிப்பாட்டிப்போட்டுச் சோத்தைப் போடுங்கோ. காலமை தொட்டு ஒண்டும் சாப்பிடேல்லைப் போல, மெட்ரோ முழுக்க வயிறு கத்திக்கொண்டு வந்தது."

அம்மா மகனை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம், "கறை பட்ட சேட்டைக் கழட்டித் தாங்கோ தம்பி, உப்புப் போட்டு ஊறவைப்பம்" என்றார்.

அம்மா உள்ளே போனதும் நான் அண்ணனிடம் குனிந்து கிசுகிசுத்தேன். "அப்ப ஓமாங்கண்ணா?"

"இன்னும் விளங்கேல்லையோ உமக்கு?" என்றார். "போய்க் கையைக் கழுவும்."