ஜனவரி ஒன்றில் பிறந்த இருவர்

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றே பெயர். எட்டாவதோடு நிறுத்திக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்த அக்கா, தங்கையைப் பட்டப்படிப்பு வரை தள்ளிக்கொண்டு வந்தாள். சின்னவளுக்கு இப்போது எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் கணினிப் பதிவு வேலை. தற்காலிகம்தான். நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்து நடந்த வட்டாரப் பயிற்சிக்கு மையம் அவளைத்தான் அனுப்பியிருந்தது. கடைசி நாள் தேர்வில் தேறினால் வேலை நிரந்தரம். அக்கா இதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள். பால்காரரிடம் இரண்டு தடவை.

தேர்வுக்கு முந்தைய நாள் நடந்தது இது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்க வேண்டும் என்பது அன்றைய பாடம். இல்லாவிட்டால் ஒரு நோயாளி இரண்டு பேராகக் கணக்கில் ஏறி, நோய் எங்கே எவ்வளவு பரவுகிறது என்பதே தப்பாகிவிடும். பழகுவதற்காகக் கற்பனைப் பெயர்களோடு ஒரு பயிற்சித் திரை இருந்தது. அசல் பதிவுக்கும் அதற்கும் உள்ள ஒரே வித்தியாசம், அதன் உச்சியில் ஓடும் மஞ்சள் பட்டை.

தேநீர் இடைவேளையில் மையத்திலிருந்து ஆலோசகர் அம்மாள் கூப்பிட்டு, அவசரமாக ஒரு பரிசோதனை முடிவை ஏற்றச் சொன்னார். சின்னவள் அசல் பதிவைத் திறந்து ஏற்றினாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்பு தொடங்க, விட்ட இடத்திலிருந்து தொடருவதாக நினைத்து வேலையில் இறங்கினாள். ஒரே பெயரில் இரண்டு பெண்கள். இருவருக்கும் ஒரே வயது, பிறந்த தேதி ஜனவரி ஒன்று. சேர்த்தாள்.

அடுத்த வரியில் சின்னவளே குடியிருக்கும் தெருவின் பெயர் இருந்தது. நிமிர்ந்து திரையின் உச்சியைப் பார்த்தாள். மஞ்சள் பட்டை இல்லை.

சேர்த்த பதிவின் பழைய விவரங்களைத் திறந்து பார்த்தாள். ஜனவரி ஒன்று, பிறந்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் அலுவலகம் வைக்கிற பிறந்த நாள். அதை நம்பி யாரையும் சேர்க்கக் கூடாது என்பது அவளுக்கே தெரியும்; பயிற்சிதானே என்று அலட்சியமாக இருந்துவிட்டாள். ஒருத்தி சிகிச்சையில் இருப்பவள், இந்த மாதம் மாத்திரை வாங்க வரவில்லை. இன்னொருத்தி கர்ப்பிணி; போன வாரம் சோதித்ததில் நோய் இல்லை என்று வந்தவள். சேர்த்தால் கடைசியாகப் பதிவான தொலைபேசி எண்தான் நிற்கும். நான்கு மணிக்கு ஆலோசகர் அம்மாள் மாத்திரை வாங்காதவர்களைக் கூப்பிடத் தொடங்குவார். கூப்பிடப்போவது கர்ப்பிணியை.

மணி நாலாகப் பத்து நிமிடம் இருந்தது. ஆலோசகரைக் கூப்பிட்டாள். வேறு அழைப்பில் இருந்தார்.

"என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"அசல் பதிவுல சேத்துட்டேண்ணே."

அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "மூச்சு விடாத. சாயங்காலம் கமுக்கமா பிரிச்சுடு."

"பிரிக்கிற அனுமதி அவருக்குத்தானே இருக்கு." கரும்பலகைப் பக்கம் நின்றிருந்த பயிற்சியாளரைக் கண்ணால் காட்டினாள்.

"அவர்கிட்ட சொன்னா நாளைக்குத் தேர்வே கிடையாது. அசல்ல கை வச்சா வீட்டுக்குன்னு முதல் நாளே சொன்னாரில்ல? தானா போய்த் தலையைக் கொடுக்காத."

மறுபடி கூப்பிட்டாள். இணைப்புக் கிடைக்கவில்லை. தொலைபேசி அதிர்ந்தது, அவசரமாகப் பார்த்தாள். அக்காவின் செய்தி: "நாளைக்குப் போட்டோ எடுப்பாங்க. அந்த நீலச் சட்டையைப் போட்டுக்க. கழுத்து நல்லா வந்திருக்கு."

சின்னவள் எழுந்து நின்றாள்.

"சார், நான் அசல் பதிவுல ரெண்டு பேரை ஒண்ணாக்கிட்டேன். அழைப்புப் பட்டியலை உடனே நிறுத்துங்க."

பயிற்சியாளர் திட்டவில்லை. விறுவிறுவென்று வந்து தன் கடவுச்சொல்லைப் போட்டு இருவரையும் பிரித்தார். அப்போதுதான் ஆலோசகர் அம்மாள் தொலைபேசியில் கிடைத்தார்.

"அந்தப் பொண்ணா? பட்டியல்ல முதல் பேரே அதான். மூணு பேர் வெளியில காத்துக்கிட்டிருக்காங்கன்னு முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன்."

"என்ன மேடம் சொன்னீங்க?"

"எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வரலையே, காலையில வந்துடுங்கன்னேன். பேரு கேட்டேன், பிறந்த தேதி கேட்டேன். ரெண்டும் சரியாத்தானே சொன்னா!"

உடனே அந்த எண்ணைக் கூப்பிட்டார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் அப்படியே.

"வீட்டுக்கு ஆள் அனுப்பக் கூடாது. அக்கம்பக்கம் தெரிஞ்சா இன்னும் மோசம்" என்றார் பயிற்சியாளர். பிறகு, "நாளைக்குத் தேர்வு உங்களுக்கு இல்லம்மா. விதியைப் போட்டவனே நான்தான்."

"தெரியும் சார். காலையில அவங்க வரும்போது நான் அங்க இருக்கணும். கிளம்பறேன்."

பேருந்தில் ஏறி அக்காவிடம் சொன்னாள். மறுமுனையில் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"தெருவுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். நீ அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லு போ."

காலையில் மையத்தின் கதவு திறக்கும் முன்பே சின்னவள் வாசலில் நின்றாள். கர்ப்பிணி தனியாக வந்தாள், கண்கள் வீங்கியிருந்தன. ஆலோசகர் அறையில் உட்காரவைத்துச் சின்னவள்தான் பேசினாள். "தப்பு என்னோடதுங்க. உங்களுக்கு நோய் கிடையாது. இன்னொருத்தர் பதிவோட உங்க பதிவை நான் சேத்துட்டேன்."

சின்னவள் நீட்டிய முடிவுத் தாளை அந்தப் பெண் வாங்கவில்லை. "நேத்தும் உங்க கம்ப்யூட்டர்தானே சொல்லுச்சு? இன்னொரு தடவை ரத்தம் எடுங்க."

எடுத்தார்கள். ஒரு கோடு வந்தால் நோய் இல்லை, இரண்டு வந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். மேசைமேல் அந்தச் சிறு சோதனைப் பட்டை கிடந்தது. முதல் கோடு வந்தது. அந்தப் பெண் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் சதையில் அழுந்தியது.

"நேத்து சாயங்காலத்துலருந்து என் வீட்டுக்காரரையே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள் பட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவர்தான் கொண்டுவந்தாரான்னு. ஏன் சாப்பிடலன்னு கேட்டாரு. எரிஞ்சு விழுந்தேன், பாவம்."

இரண்டாவது கோடு வரவேயில்லை. நேரம் முடிந்ததென்று ஆலோசகர் சொன்ன பிறகும் அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை விட்டாள்.

"உன் வேலை போயிடுமா?"

"தெரியலைங்க."

"போனா போகட்டும்னு சொல்லத்தான் வாய் வருது" என்றவள், எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். "ஆனா ஓடி ஒளியாம வந்து நின்ன."

அவள் போனதும் ஆலோசகர் அம்மாள் தொலைபேசியை எடுத்தார். மாத்திரை வாங்காத அந்த இன்னொருத்தி காத்திருக்கிறாள். பழைய எண்ணைச் சின்னவள் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க, அவர் அழுத்தினார். மணி போனது.

"பேரு சொல்லுங்கம்மா. பிறந்த தேதி?"

சின்னவள் குனிந்து அவர் காதருகே சொன்னாள்: "அம்மா பேரையும் கேளுங்க மேடம்."