செல்லையா நிறுத்திய நான்காவது ரீல்

செவ்வாய்க்கிழமை காலை சாந்த்ராகாச்சியிலிருந்து தொலைபேசி. "அப்பா போயிட்டாங்க, ஆன்ட்டி" என்றாள் செல்லையா அவர்களின் மகள்.

செல்லையா அவர்கள் அங்கே ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். சங்கரன்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் தமிழ்ச் சங்கம் மாதம் ஒருமுறை படம் காட்டும். புரொஜெக்டரை இயக்குவது அவர்தான். ரீலுக்கு ஒன்றாக மெட்ராஸ் மெயிலில் வரும் தகரப்பெட்டிகளை ஹவுரா ஸ்டேஷனில் இறக்கி, அன்று காலையே முழுப் படத்தையும் தனியாக ஓட்டிப் பார்ப்பார். லென்ஸை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள் என்று ஒருமுறை கண்டித்தேன். மறுமாதம் முதல் அதற்கென்றே ஒரு வெள்ளைக் கைக்குட்டை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு படம் வந்தது. மழை பொய்த்து, கடனில் நிலம் ஏலத்துக்கு வரும் குடும்பத்தின் கதை. மூன்றாவது ரீலின் முடிவில் கூட்டுறவு அதிகாரி கடனைக் கட்டத் தவணை கொடுப்பார். செல்லையா விளக்கைப் போட்டு, "படம் முடிஞ்சுது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். "‘வணக்கம்’ போடக்கூட ஃபிலிம் இல்லியாடா?" என்று யாரோ கேட்கச் சிரிப்பு.

சங்கச் செயலாளர் நான். நான்கு பெட்டிகளுக்குக் கையெழுத்திட்டவள்.

"மிஸ்டர் செல்லையா, நான்காவது எங்கே?"

"வேணாம்மா. அதுல அந்தக் குடும்பத்து ஆளு கிணத்துல போய் விழுந்துருதான்."

"அதற்காக?"

"முன்வரிசையில எங்க அய்யா இருக்காகம்மா. போன வாரந்தான் எங்க நிலம் ஏலத்துல போச்சு."

ஒரு படைப்பைப் பாதியில் நிறுத்த நமக்கு உரிமையில்லை என்றேன். மறுநாள் மாலை வேறொருவரைக் கொண்டு அந்த ரீலைக் காட்டினேன். செல்லையா வரவில்லை. செய்தி கேள்விப்பட்டு அவர் தந்தை மட்டும் தனியாக வந்திருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "மிச்சம் இருக்குன்னு எம்மவன் சொல்லவே இல்லியே, தாயி" என்று சிரித்தார்.

மாதம் முடியுமுன் பெரியவர் ஊர் திரும்பினார். பின்னாலேயே தந்தி வந்தது. அவரும் கிணற்றுக்குப் போயிருந்தார்.

அதற்கு அந்த ரீல்தான் காரணமா, எனக்குத் தெரியாது. செல்லையா அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. காரியங்கள் முடிந்து வந்து, அடுத்த மாதப் படத்தையும் அவரே ஓட்டினார். என் கணவர் இறந்த அன்று அலிப்பூர் வீட்டுக்கு முதலில் வந்தவரும் அவரே. "ஒரு வாய் காப்பியாவது குடிச்சீகளாம்மா?" என்றார். அன்றாவது நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்கப் பள்ளியில் கன்னியாஸ்திரீகள் எனக்குக் கற்றுத்தந்திருந்தார்கள். தினமும் மண்டியிட்டுக் கேட்டும் இருக்கிறேன், கடவுளிடம் மட்டும்.

சாந்த்ராகாச்சியில் அவர் காலடியில் பூ வைத்தபோது மார்மேல் அந்த வெள்ளைக் கைக்குட்டையை மடித்து வைத்திருந்தார்கள். துவைத்து, இஸ்திரி போட்டு.

வீடு திரும்பிச் சங்கத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்பேட்டை எடுத்தேன். என் கையெழுத்தில் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை. "திரு. செல்லையா தம் கடமையில் தவறினார்" என்ற வரியை அடித்தேன். மேலே எழுதினேன்: "தவறியது செயலாளர்."

போய் வாருங்கள், மிஸ்டர் செல்லையா.