ஆனி முடிவதற்குள் ஒரு வீடு

காலை பத்து நாற்பது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கைப்பேசியில் மணி பார்த்துவிட்டு, "பதினோரு மணிக்குப் பால் காய்ச்சிடலாம்" என்று மகளிடம் சொன்னேன். அடுத்த நிமிடம் என் பேத்தி யாழினி வாயில் முறுக்கோடு ஒரு வார்த்தை சொன்னாள். நடந்து இரண்டு வாரம் ஆகிறது.  நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முந்தின நாள் இரவு கும்பகோணத்தில் சேலம் பேருந்து ஏறினோம். நான், மகள் கயல்விழி, நான்கு வயது யாழினி. ஆளுக்கு இருநூற்றைந்து ரூபாய். யாழினிக்குச் சீட்டு இல்லை. இரண்டு பெட்டி, ஒரு சாக்கில் பாத்திரங்கள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. கயலுக்குத் தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் பதினாறாயிரம்.

நான்கு மாதத்துக்கு முன் சென்னையில் கணவர் வீட்டை விட்டுக் குழந்தையோடு எங்களிடம் வந்தவள் அவள். ஏன் வந்தாள் என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. வாரத்துக்கு ஒரு முறை அங்கிருந்து பெரியவர்கள் வந்து சமாதானம் பேசினார்கள். என் கணவரும் மெல்ல இளகத் தொடங்கியிருந்தார். "வேலை கிடைச்சிடுச்சு, சரி. தனியா இருக்கிறவளுக்கு எவன் வீடு தருவான்?" என்பது அவர் கேள்வி. வீடு கிடைக்காவிட்டால் அவள் சென்னைக்கே திரும்ப வேண்டியதுதான் என்பது அந்தக் கேள்விக்குள் இருந்தது.

தருமபுரியில் ஐந்து வீட்டுக்காரர்களிடம் தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். ஐந்து பேரும் "வூட்ல கலந்துட்டுச் சொல்றேங்க" என்றார்கள். யாரும் சொல்லவில்லை. ஆறாவது, பெங்களூரில் வேலை பார்க்கும் பிலோமினா என்ற அம்மாள். "மாப்பிள்ள என்னுங்க பண்றாரு?" என்று அவர் கேட்டதும், "துபாயில இருக்கார்" என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று நான் நினைத்ததில்லை. வீடு உடனே கிடைத்தது. வாடகை நாலாயிரத்து எண்ணூறு, முன்பணம் இருபத்தைந்தாயிரம். ஆனிக் கடைசி நாளுக்குள் குடிவந்துவிடுவதாகச் சொன்னேன். ஆடி பிறந்துவிட்டால் வாடகை வீட்டுக்கும் யாரும் பால் காய்ச்சுவதில்லை. கயல் வேலையில் சேர வேண்டியதோ ஆடி இரண்டாம் தேதி. நாங்கள் போய் இறங்கிய அன்று ஆனியின் கடைசி நாள்.

சேலத்திலிருந்து தருமபுரிக்கு ஐம்பத்தைந்து ரூபாய். தொப்பூர்க் கணவாயில் லாரிகள் மூச்சுவாங்கி ஏறும்போது விடிந்திருந்தது. யாழினி ஒவ்வொரு லாரிக்கும் கையாட்டினாள். ஏழே காலுக்குத் தருமபுரி. பேருந்து நிலையத்தில் பன்னிரண்டு ரூபாய்த் தேநீர், காபிக்குப் பேர்போன கும்பகோணத்துக்காரியான எனக்கே நல்ல தேநீர்.

ஆட்டோக்காரர் கேட்டார்: "ரோஜா நகருங்களா? பழசா, புதுசா?"

"என்ன வித்தியாசம்?"

"பழசுல ஒகேனக்கல் தண்ணி வருமுங்க. புதுசுல வரும்னு சொல்லுவாங்க."

எங்களுடையது பழையது. பென்னாகரம் சாலையில், இண்டூருக்குப் போகும் வழியில் ஏழு கிலோமீட்டர், நூற்றுத் தொண்ணூறு ரூபாய். வழியெல்லாம் மஞ்சள் அடித்த மனைக் கற்கள். கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டிருந்த செம்மண் நிலம், இப்போது ஒரு சென்ட் ஐந்தரை லட்சம் என்றார் ஆட்டோக்காரர். "எங்க மாமனாரு வித்தப்ப சென்ட் எட்டாயிரம். அந்த நெலத்துலதான் நான் இன்னிக்கு வாடகைக்கு இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பிலோமினா அம்மாளின் வீடு ஒரே கூரையின் கீழ் மூன்று குடித்தனம். முன்பக்கம் சரோஜா, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக வந்தவர், கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். பின்பக்கம் மினதி, ஒடிசாக்காரர், கணவருக்குக் கல் பாலீஷ் போடும் பட்டறையில் வேலை. நடுவில் எங்களுக்கு. வீட்டுக்காரர் ஊரில் இல்லாததால் சாவி சரோஜாவிடம் இருந்தது. இந்த நகரில் பல தெருக்களில் இதுதான் வழக்கம். முன்வீட்டுக் குடித்தனக்காரரே சாவிக்குப் பொறுப்பு; வருகிறவர்களைப் பார்த்து, நாலு வார்த்தை பேசி, சரி என்று தோன்றினால்தான் இடுப்பிலிருந்து சாவி வெளியே வரும்.

அந்த நாலு வார்த்தைக்காகத்தான் சரோஜா எங்களை உட்காரவைத்து முறுக்கு கொடுத்தார். இரண்டு மணி நேரம் நன்றாகவே போனது. பிறகு யாழினியை மடியில் இழுத்து, "துபாயிலருந்து அப்பா பாப்பாவுக்கு என்ன வாங்கியாருவாரு?" என்றார்.

"அப்பா மெட்ராஸ்ல இருக்காரு" என்றாள் யாழினி. "அம்மாவ அடிப்பாரு. நாங்க அங்க போக மாட்டோம்."

கயல் தலை நிமிரவில்லை. சரோஜா குழந்தையின் வாயோரத்து முறுக்குத் துணுக்கைத் துடைத்துவிட்டார். பாதி வெளியே வந்திருந்த சாவி உள்ளே போனது.

"என்னயத் தப்பா நெனைக்காதீங்கம்மா. நானே வாடகைக்கு இருக்கறவ. வூட்டுக்கார அக்காகிட்ட ஒரு வார்த்த கேக்காம குடுத்தா நாளைக்கு என்னயக் கேப்பாங்க இல்லீங்களா?"

அவர் கைப்பேசியோடு பின்பக்கம் போனார். "ஆமாக்கா... அடிக்கறதுன்னுதான் புள்ள சொல்லுது... ஆமாக்கா" என்று மட்டும் கேட்டது. திரும்பி வந்து, "அக்கா மத்தியானமே பஸ் ஏறுறாங்களாம். வந்து பேசிக்கறேன்னாங்க. போன வெச்சுட்டாங்க" என்றார்.

பெங்களூரிலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டர். ஒருவர் வேலையைப் போட்டுவிட்டு இவ்வளவு தூரம் வருவது எதற்கு? முகத்துக்கு நேராக "இல்லை" என்று சொல்லத்தான் எனத் தீர்மானித்துக்கொண்டேன்.

பதினொன்றே கால். வேறு வீடு பார்ப்பது என்று கிளம்பினோம். மினதி தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தார். ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறார். அவருடைய தமிழ் என் தமிழைவிடத் தருமபுரித் தமிழ்.

"வாங்கம்மா, நான் காட்டறேன். இந்த நகருல நான் பாக்காத வூடு இல்லீங்க. எல்லாத்துலயும் இல்லைன்னு சொல்லியிருக்காங்க."

அவரோடு நடந்ததில் ரோஜா நகர் எனக்குப் புரிந்தது. முதல் தெருவில் பெரிய வீடுகள், பாதி பூட்டிக்கிடந்தன. பெங்களூர், ஓசூர், திருப்பூர் என்று சம்பாதிக்கப் போனவர்கள் கட்டியவை. இரண்டாம் தெருவில் தென்மாவட்டங்களிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், காவலர்கள். அங்கே ஒரு வாசலில் திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டேன். மூன்றாம் தெருவில் சித்தேரி மலையிலிருந்து பள்ளிக்கூடத்துக்காகப் பிள்ளைகளோடு இறங்கியவர்கள். கடைசித் தெருவில் ஒடிசா, பீகார். அந்தத் தெருவின் மளிகைக் கடையில் கடுகெண்ணெயும் கேழ்வரகு மாவும் அடுத்தடுத்து இருந்தன. கடைக்காரர் வீட்டில் பேசுவது தெலுங்கு.

"வூடு கேட்டா எந்த ஊருன்னு கேப்பாங்க" என்றார் மினதி. "ஒடிசான்னா, 'ஓ, பீகாரா?'ம்பாங்க. பீகார் இல்லீங்க, ஒடிசான்னு சொன்னா, 'ரெண்டும் ஒண்ணுதான, போம்மா'ம்பாங்க. நான் விடுவனா? 'அப்ப நீங்க கேரளாவுங்களா?'ன்னு கேட்டுட்டு வந்துருவேன்."

காலையிலிருந்து முதல் முறையாகக் கயல் சிரித்தாள்.

இரண்டாம் தெருவில் மாடி வீடு, ஆறாயிரத்து ஐநூறு. வெள்ளை வேட்டிப் பெரியவர் குழாயைத் திறந்து காட்டினார், மின்விசிறியைச் சுழலவிட்டார். "வூட்டுக்காரர் எங்க வேலைங்க?" என்று கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். கயல் முந்திக்கொண்டாள்.

"நானும் என் பொண்ணும்தாங்க. வேற யாரும் வரமாட்டாங்க."

பெரியவர் மின்விசிறியை நிறுத்தினார். கெட்டவர் இல்லை. யாழினிக்கு ஒரு மாம்பழம் கொடுத்துத்தான் அனுப்பினார். "ஆம்பளத் தொணை இல்லாம குடுத்து, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நான் பதில் சொல்லணுமுங்க" என்றார்.

பன்னிரண்டரைக்குக் கடைசித் தெருவில் இரண்டு அறை வீடு. வீட்டுக்கார அம்மாள் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்: "வடக்கத்திப் பசங்க எட்டுப் பேரு கேக்கறாங்க. தலைக்கு ஆயிரத்து இரநூறு. நீங்க ரெண்டரைப் பேரு. நீங்களே சொல்லுங்க, நான் யாருக்குக் குடுக்கறது?"

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த எட்டுப் பேர் இரண்டு அறையில் எப்படிப் படுப்பார்கள் என்றுதான் யோசித்தேன். புது ரோஜா நகரில் கட்டி முடியாத ஒரு வீட்டில் அதற்கும் பதில் கிடைத்தது. பூசாத சுவருக்குள் அடுப்பு மூட்டி, அதைக் கட்டுகிற பீகார்க்காரர்களே குடியிருந்தார்கள். வேலை முடிந்து சாவி கைமாறும் அன்று அடுத்த அஸ்திவாரத்துக்குப் போவார்களாம். "நாங்க கட்டின வூட்டுக்குள்ள டைல்ஸ் போட்டப்புறம் போனதே இல்ல" என்றார் அவர்களில் ஒருவர், தூக்கு வாளியைக் கழுவிக்கொண்டே. ஜன்னல் வைக்காத ஓட்டையில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு மணிக்குத் திரும்பினோம். சரோஜா எங்களுக்கும் சேர்த்து உலை வைத்திருந்தார். களியும் கீரைக் குழம்பும். சாவி தராதவர் கையால் சாப்பிடுவது எனக்குக் கூச்சமாக இருந்தது, யாழினிக்கு இல்லை. களியை உருட்டி விழுங்க அவளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். அது இரண்டு முறை மூக்கில் ஏறியது.

மூன்றரைக்கு என் கணவர் அழைத்தார். "பால் காய்ச்சியாச்சா?"

"இன்னும் இல்ல."

"நான் சொன்னேன்ல" என்றார். வைத்துவிட்டார். கயல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டியிருந்த பெட்டியின் கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. அதை மறுபடி இழுத்து முடிந்தாள். "ஆறரைக்குச் சேலத்துக்கு பஸ் இருக்கும்மா" என்றாள். அங்கிருந்து சென்னைக்குத்தான் என்று எனக்குப் புரிந்தது.

சரோஜா எங்கள் பக்கம் பார்க்காமல் வாசலைக் கூட்டினார். கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினார். "எங்க அக்கா நல்லவங்கதாம்மா" என்றார், யாரும் கேட்காமலே. நாலரைக்கு மினதி வீட்டிலிருந்து கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசம் வந்தது.

ஐந்து இருபது. தெருமுனையில் ஒரு பெண் கைப்பேசியில் கன்னடத்தில் சத்தமாகப் பேசியபடி திரும்பினார். "நாளே பர்தினி மேடம், நாளே பர்தினி." நாளைக்கு வந்துவிடுகிறேன் என்று யாருக்கோ சத்தியம் செய்கிறார். கழுத்தில் சிலுவை, கையில் ஒரு துணிப்பை, கசங்கிய வேலைப் புடவை. பிலோமினா அம்மாள்.

சரோஜாவிடம் கையை நீட்டி முதலில் சாவியை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, கயலைப் பார்த்தார்.

"நீதான் கயலா? சாப்புட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேங்க."

"நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேங்க. அவ சொல்லல, நான்தான்" என்று தொடங்கினேன்.

"இருங்கம்மா." வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "பெங்களூர்ல நாங்க வாடகைக்கு இருக்கற வூட்டுக்காரம்மா, கறி திங்கறவங்களுக்கு வூடு குடுக்க மாட்டாங்க. நாங்க சுத்த சைவம்னு சொல்லித்தான் புடிச்சோம். பதினோரு வருசமாச்சுங்க. ஒரு முட்ட கூட வூட்டுக்குள்ள போனதில்ல. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் குடும்பத்தோட ஓட்டல்ல தின்னுட்டு, ஆளுக்கு ஒரு பாக்கப் போட்டு மென்னுகிட்டுத்தான் தெருவுக்குள்ள நொழைவோம். நீங்க துபாயின்னீங்க. நான் சைவம்னேன்."

சரோஜா வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றேன். 

"போன்லயே குடுத்துருன்னு சொல்லியிருப்பேங்க. ஆனா அப்பிடிக் குடுத்தா, நாளைக்குத் தண்ணி புடிக்கற எடத்துல ஒவ்வொருத்தியும் இந்தப் புள்ளய ஒண்ணு கேப்பா. நான் வந்து நின்னு குடுத்தா கேக்கமாட்டா." எழுந்து நின்றார். எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும், அடுத்த வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்தவருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இந்தப் புள்ள எங்க வூட்ல குடியிருக்குது. புருசன் இல்லாமத்தான் இருக்குது. யாருக்காச்சும் ஏதாச்சும் கேக்கணும்னா எனக்கு போன் பண்ணுங்க."

சாவியைக் கயலின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"பொழுது விழறதுக்குள்ள பாலக் காய்ச்சுங்க. நாங்க வேதக்காரங்க, எங்களுக்கு ஆடியும் ஆவணியும் ஒண்ணுதான். உங்களுக்கு ஆகாதில்ல?"

சரோஜா பால் வாங்க ஓடினார். கயல் பெட்டிக் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு அவள் கைக்கு வரவில்லை. நான் பல்லால் கடித்து இழுத்தேன். காலியான அறையின் நடுவில் அடுப்பை மூட்டினோம். பால் பொங்கி விளிம்பைத் தொட்டதும் யாழினி கைதட்டினாள். நான் அழுதுகொண்டிருந்தேன், புகை என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பிலோமினா அம்மாள் கிழக்கு பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பின்பக்கம் எட்டிப் பார்த்து, மூச்சை ஆழமாக இழுத்தார்.

"மினதி, மீனா பொரிச்ச? எனக்கு ரெண்டு துண்டு எடுத்து வையி. காலையில பஸ் ஏறுனா மறுபடியும் நான் சைவம்."