கூரை நிழல் விழுந்த ஓரம்

ஹோம்கிளிஃப் டவுன் கால்பந்து கிளப்பின் மைதானத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உறைபனிக்காக ஓர் ஆட்டம்கூடத் தள்ளிப்போனதில்லை. டிசம்பர் பிறந்துவிட்டால் சுற்றுவட்டாரத்து மைதானங்கள் எல்லாம் கல்லாகிப் படுத்துவிடும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் லீக்கின் பாதி ஆட்டங்கள் ரத்தாகியிருக்கும். ஹோம்கிளிஃபில் மட்டும் மூன்று மணிக்கு விசில் சத்தம் கேட்கும். அதற்குக் காரணம் ரே சக்டன் என்ற ஒற்றை ஆள்.

அவர் பஸ் ஓட்டிய காலத்திலேயே ஷிஃப்ட் முடிந்ததும் சீருடையோடு வந்து புல் வெட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அங்கேயே கிடந்தார். சம்பளம் என்று எதுவும் இல்லை. ஆட்ட நாளில் சிப்ஸும் பட்டாணி மசியலும் இலவசம். அதையும் மனைவி பெரில்தான் தேநீர்க் கொட்டகையின் ஜன்னல் வழியாக நீட்டுவாள்.

"கல்யாண நாள் என்னிக்குன்னு இவரக் கேளுங்க, தலையச் சொறிவாரு. கடைசியா பனி உறைஞ்சது எப்பன்னு கேளுங்க, மணியோட சொல்லுவாரு" என்று வரிசையில் நிற்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ரே மறுக்க மாட்டார். தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வார். அவருடைய பெருமை அந்த அளவில்தான் வெளியே தெரியும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ஆட்டப் பருவம் ஆரம்பத்திலிருந்தே வேறு மாதிரி இருந்தது. ஹோம்கிளிஃப் ஜெயித்துக்கொண்டே போனது. வலது ஓரத்தில் ஓடிய ஜோயல் பிக்கர்ஸ்கில் அதற்கு முக்கியக் காரணம். வயது இருபத்து நான்கு. வாரம் முழுக்க வீட்டுக் கூரைகளில் ஏறி ஓடு மாட்டுவான். செவ்வாயும் வியாழனும் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். கிளப் கொடுக்கும் வாரப்படி அவன் வேனுக்கு டீசல் போடப் போதும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. டிசம்பருக்குள் பதினான்கு கோல் போட்டிருந்தான். அணி லீக் பட்டியலில் முதலிடம். முப்பது ஆண்டுகளில் முதல்முறையாக மேல்நிலை லீக்குக்குப் போகலாம் என்று ஊர் நம்பத் தொடங்கியிருந்தது.

பயிற்சி முடிந்ததும் அவன் ரேயின் கருவிக் கொட்டகைக்கு வருவான். பிளாஸ்கின் மூடியில் ரே ஊற்றிக் கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

"என்ன பெருசு, புல்லுக்கு இன்னிக்குத் தலை சீவி விட்டாச்சா?"

"உன் தலையவிட நல்லாவே சீவியிருக்கேன். சனிக்கிழமை அந்த மூலைல குழி தோண்டுன, தொலைச்சிடுவேன்."

"நான் எங்க தோண்டுறேன்? என்னப் பிடிக்க வர்றவன் விழுந்து தோண்டுறான். அவன்கிட்ட கேளு."

ரேக்குப் பிள்ளைகள் இல்லை. அதை யாரும் அவரிடம் பேசியதில்லை. அவரும் பேசியதில்லை.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, இரண்டாமிடத்தில் இருந்த ஸ்கெல்மோர் அணி வரவேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஸ்கெல்மோர் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் லெஸ் போன் செய்தான். இருவருக்கும் பல வருடத்துப் பகடி.

"மைனஸ் ஆறாம்ல? எங்க பசங்கள நாளைக்கு எழுப்பவா, இல்ல தூங்க விடவா? இந்தத் தடவையாவது முடியலன்னு ஒத்துக்கோயேன்."

"எழுப்பு. குளிப்பாட்டி, தலை சீவி அனுப்பு. நாங்க ஆடுறோம்."

வாயால் சொன்னது அவ்வளவுதான். சொன்ன பிறகு அது வாக்காகிவிட்டது.

காலை ஆறரைக்கு, வெளிச்சம் வருமுன், ரே மைதானத்தில் நின்றார். தரை உறையாமல் மூடிவைக்க கிளப்பிடம் இருந்த போர்வைகள், இரண்டு கோல் முன்பக்கங்களுக்கு மட்டுமே போதும். நடுப்பகுதி பரவாயில்லை, சூரியன் ஏறினால் இளகிவிடும். சிக்கல் பார்வையாளர் ஸ்டாண்டின் முன்னால்தான். தெற்குப் பக்கத்து மரக் கூரையின் நிழல், குளிர்காலம் முழுக்க, வலது ஓரக் கோட்டை ஒட்டி நாலடி அகலத்துக்கு அசையாமல் கிடக்கும். அங்கே வெயில் படுவதே இல்லை. ரே நாலு பல் வைத்த இரும்புக் கவையை எடுத்து அங்கே ஊன்றினார். அது இறங்கவில்லை. காலால் மிதித்தார். அரை விரல் ஆழம் போய் நின்றது. கைப்பிடி வழியாக அந்த அதிர்வு முழங்கைவரை ஏறியது.

இன்னும் இரண்டு இடங்களில் ஊன்றிப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குப் போய் ஒரு துடைப்பத்தை எடுத்து வந்தார். அந்த நாலடி அகலத்தில் படிந்திருந்த வெள்ளை உறைபனியை, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, பொறுமையாகக் கூட்டினார். கூட்டி முடித்ததும் புல் பச்சையாகத் தெரிந்தது. மேலே கொஞ்சம் மணல் தூவினார். பார்ப்பதற்கு மைதானத்தின் மற்ற இடங்களைப் போலவே இருந்தது.

ஒன்பது மணிக்கு நடுவர் ஆண்ட்ரியா வந்தார். அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் கண்டிப்பான பெண். குதிகாலால் அழுத்திப் பார்த்தார், பந்தைப் போட்டுத் துள்ளலைப் பார்த்தார். ரே அவரைக் கோல் முன்பக்கம், நடுவட்டம், வெயில் விழும் மறு ஓரம் என்று நடத்திச் சென்றார். கடைசியில் ஆண்ட்ரியா தூரத்திலிருந்து ஸ்டாண்ட் பக்கம் பார்த்தார்.

"அந்த ஓரம் எப்படி, ரே?"

"கவை உள்ள போச்சு."

"உங்க வார்த்தைய நம்புறேன். இந்த லீக்ல வேற யார் சொன்னாலும் நானே போய்க் குத்திப் பார்த்திருப்பேன்."

மூன்று மணிக்கு அறுநூறு பேர் கூடியிருந்தார்கள். முப்பத்தோராவது நிமிடம் ஜோயல் பந்தை வாங்கிக்கொண்டு ஓரக்கோட்டோடு ஓடினான். எதிர் ஆட்டக்காரனை ஏமாற்ற உடம்பை வெளியே சாய்த்து உள்ளே திரும்பினான். அப்படி நூறுமுறை திரும்பியிருக்கிறான். இந்த முறை கால் வழுக்கியது, உடம்பு மட்டும் திரும்பியது. ரே மூலைக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். அது கூட்டத்துக்குக் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது.

ஆட்டம் சமனில் முடிந்தது. மாலையில் கருவிக் கொட்டகைக்கு வந்த பெரில் துடைப்பத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது ஏன் ஈரமா இருக்கு?"

"இலை கிடந்துச்சு."

டிசம்பரில் எந்த மரத்தில் இலை இருந்தது என்று அவள் கேட்கவில்லை.

ஜோயலின் முழங்காலுக்குள் தசைநார் அறுந்திருந்தது. அறுவைசிகிச்சைக்கு அடுத்த ஆகஸ்டில்தான் இடம் கிடைத்தது. ஓட்டு வேலை முதலாளி மூன்று வாரம் பொறுத்தார். பிறகு ஏணியில் வேறு ஆள் ஏறினான். ஜோயலுக்குக் கட்டுமானச் சாமான் கடையில், கவுண்டருக்குப் பின்னால் நின்று ஆணியும் தகரமும் விற்கும் வேலை கிடைத்தது. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் மைதானத்துக்கு வந்தான். முதலில் ஊன்றுகோலோடு, பிறகு நொண்டிக்கொண்டு. தேநீருக்குக் கொட்டகைக்கும் வந்தான்.

"எல்லாம் என் நேரம் பெருசு. அதே இடத்துல எத்தன தடவ திரும்பியிருக்கேன், சொல்லு."

ரே மூடியில் தேநீரை ஊற்றுவார். சொல்ல நினைத்தது தொண்டைவரை வரும். "சூடா இருக்கு, பாத்து" என்று வெளியே வரும்.

ஒவ்வொரு வாரமும் அந்த வார்த்தை அவருக்குள் கொஞ்சம் கெட்டியானது. ஜோயல் இல்லாத அணி முதலிடத்திலிருந்து மூன்றுக்கு வந்தது, பிறகு ஐந்துக்கு. முதல் ஐந்து இடத்துக்குள் முடித்தால் மேலே போக இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. ஊர் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

பிப்ரவரி கடைசியில் மறுபடி உறைந்தது. மைனஸ் மூன்றுதான், அன்றைய அளவுக்கு இல்லை. ரே ஆறரைக்குப் போய் ஸ்டாண்ட் ஓரத்தில் கவையை ஊன்றினார். இரண்டு விரல் ஆழம் போனது. எட்டு மணிக்கு அவரே நடுவருக்குப் போன் செய்து, ஆட முடியாது, வரவேண்டாம் என்றார்.

பத்து மணிக்குள் வாசலில் கூட்டம். எதிரணி ஆட்டக்காரர்கள் பாதி வழியில் திரும்பிப் போயிருந்தார்கள். அணியைப் பயிற்றுவிக்கும் கெனி கத்தினான்.

"வெயில் அடிக்குது! புல்லு பச்சையா இருக்கு! இருபத்திரண்டு வருஷம் ஆட விட்டுட்டு இன்னிக்கா உனக்கு ஞானம் வந்துச்சு?"

"பயந்துட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். "பெருசுக்கு வயசாயிடுச்சு."

சிரித்தவர்களில் ஜோயலும் இருந்தான். எல்லோரும் கலைந்த பிறகும் அவன் கம்பியில் சாய்ந்து நின்றான்.

"நிஜமா சொல்லு. இது ஆடக்கூடிய மைதானம்தானே? நான் நல்லா இருந்தா இதுல ஆடியிருப்பேன்."

ரே கவையை எடுத்துக்கொண்டார். "வா" என்றார்.

ஸ்டாண்ட் நிழலுக்குக் கூட்டிப்போய்க் கவையை அவன் கையில் கொடுத்தார்.

"அமுக்கு."

நல்ல காலை ஊன்றி, கையால் அமுக்கினான். கொஞ்சம் இறங்கி நின்றது.

"இவ்வளவுதானா? இது ஒண்ணுமில்ல பெருசு."

"அன்னிக்கு இதுகூடப் போகல."

"என்னிக்கு?"

ஜோயல் காலடியில் பார்த்தான். அவன் விழுந்த இடம் அதிலிருந்து பத்து தப்படி தூரம்தான்.

"அன்னிக்கு இங்க பச்சையாதான் இருந்துச்சு. வார்ம்-அப்ல நான் பாத்தேனே."

"வெள்ளைய நான் கூட்டிவிட்டேன். நடுவரம்மா கேட்டுச்சு, கவை போச்சுன்னு சொன்னேன்."

"எதுக்கு?"

பல மாதங்களாக ரே அந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் மிகச் சின்னது. சொல்லும்போது இன்னும் சின்னதாகத் தெரிந்தது.

"லெஸ்கிட்ட ஆடுறோம்னு சொல்லிட்டேன்."

ஜோயல் கத்துவான் என்று எதிர்பார்த்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார். அவன் கவையைத் தரையில் போடவில்லை, கம்பியில் கவனமாகச் சாய்த்து வைத்தான். பிறகு நொண்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். பெரில் ஜன்னலைத் திறந்து, "ஜோயல் கண்ணு, தேநீர் வெச்சிட்டேனே" என்றாள். அவன் கையை மட்டும் அசைத்தான்.

அதன்பிறகு அவன் ஆட்டத்துக்கு வந்தான், மறு ஓரத்தில் நின்றான். கொட்டகைக்கு வரவில்லை.

தள்ளிப்போன ஆட்டத்தை ஏப்ரலில் செருகினார்கள். எட்டு நாளில் நாலு ஆட்டம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் ஆட்டக்காரர்களுக்குக் கால் எழவில்லை. மூன்றில் தோற்றார்கள். பருவத்தின் கடைசி நாளில் ஹோம்கிளிஃப் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஆறாம் இடத்துக்குப் போனது.

ஆட்டம் முடிந்து மாடியில் இருந்த கிளப் அறையில் எல்லோரும் பீர்க் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ரே சுவரோரம் நின்றார். வராமல் இருந்திருக்கலாம். திட்டு வாங்கத்தான் வந்தார் என்று பெரிலுக்கு மட்டும் புரிந்தது.

"அந்தப் பிப்ரவரி ஆட்டம் அன்னிக்கே நடந்திருந்தா நாம மேல போயிருப்போம்" என்றான் கெனி. "ஒரு புள்ளி! இந்த மனுஷன் கவைய வெச்சுக் கிளப்பையே குத்திட்டாரு."

யாரும் ரேக்காகப் பேசவில்லை. டிசம்பருக்காக யாரும் அவரைத் திட்டியதில்லை. அன்று பனியிலும் ஆட வைத்த ஆள் என்று முதுகில் தட்டியிருந்தார்கள். அந்தத் தட்டல் இன்னும் முதுகில் இருந்தது.

கெனி மூலைப் பக்கம் திரும்பினான். அங்கே ஜோயல் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"நீ சொல்லுடா. நீயும் அன்னிக்கு வாசல்ல நின்னல்ல. ஆடியிருக்கலாம்தானே?"

ரே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஜோயல் கோப்பையின் ஈர வட்டத்தை விரலால் மேசையில் இழுத்துக்கொண்டிருந்தான். இப்போது சொல்லிவிடுவான் என்று ரே நினைத்தார். சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"ஆடியிருக்கக் கூடாது" என்றான் ஜோயல்.

பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். ரே நின்ற சுவரைத் தாண்டித்தான் கதவுக்குப் போகவேண்டும். ரே காத்திருந்தார், ஒரு பார்வைக்காக, அது எப்படிப்பட்ட பார்வையாக இருந்தாலும். ஜோயல் நேரே பார்த்தபடி போனான். கதவு மூடிய பிறகு மரப்படியில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு கால் கனமாக, ஒரு கால் இலேசாக. கீழே போய்ச் சேரும்வரை ரே அதை எண்ணிக்கொண்டு நின்றார்.