ஓலைக்கு அப்பா எழுதச் சொன்ன தடை மனு

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் அக்காவான என் கல்யாண ஓலையும் தம்பியின் ஓலையும் ஒரே ஞாயிறு தொடங்கின. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெயரை அறிவிப்பாக வாசிப்பது வழக்கம்; அதுதான் ஓலை. குருமடத்தில் படிக்கிறவர் திருத்தொண்டர் பட்டம் வாங்கும் முன்பும் அப்படித்தான். சாமியார் ஆவதற்கு முந்தைய படி அது. மணம் முடிக்காமலே வாழ்வேன் என்ற வாக்கை அப்போதுதான் கொடுப்பார்கள். இரண்டு ஓலைக்கும் கடைசி வரி ஒன்றே: தடை ஏதேனும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும்.

அந்த வரியைக் கேட்டு யாரும் கிளம்பிப் போய் நான் பார்த்ததில்லை. அப்பா கிளம்பினார்.

அணுபுரம் குடியிருப்பில் அவர் எலக்ட்ரீசியன். அன்று மாலை என்னைக் கூப்பிட்டு, "நீதான் எல்லாத்துக்கும் நம்பர் போடுவியே, எழுது" என்றார். மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. எண் போடாமல் எனக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

1. வீட்டுக்கு ஒரே மகன்.
2. சாமியார் ஆகட்டும், மனைவியோடு ஆகட்டும்.
3. வயதான பின் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆள் வேண்டும்.

"அவனுக்குக் கஞ்சி வெக்கத் தெரியும். உனுக்குத்தான் தெரியாது" என்று அப்பாவுக்குக் குரல் கொடுத்தாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டு நானும் அப்பாவும் போனோம். பங்குத்தந்தை மனுவை இரண்டு முறை படித்தார்.

"சாமி, அச்சரப்பாக்கத்துல எங்க அத்த வூட்டாண்ட ஒரு புராட்டஸ்டன்ட் ஐயரு கீறாரு. பொண்டாட்டி கீது, ரெண்டு புள்ளைங்க கீது. அவரு ஜெபம் பண்ணா மேல போவலியா? நம்ம புள்ள மட்டும் இன்னா பண்ணுச்சி?"

"நீங்க எழுதியிருக்கிற மூணும் நியாயம்தான் ஐயா. ஆனா தடைன்னா அது வேற. அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தா தடை. யாராவது கட்டாயப்படுத்தி அனுப்பியிருந்தா தடை. நீங்க கட்டாயப்படுத்தினீங்களா?"

"நானா? ஒரு வருசம் அவங்கிட்ட பேசவே இல்ல சாமி."

பங்குத்தந்தை சிரித்துவிட்டார். மனுவை மடித்து, ஆயருக்கு அனுப்புவதாகவும் தம்பியிடம் பேசுவதாகவும் சொன்னார். பிறகு, "எங்க அப்பா இப்படி ஒரு நாள் வந்து கேட்டிருக்கலாம்" என்றார். சன்னல் மேடையில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவிக் கவிழ்த்திருந்தன. வெளியே வரும்வரை அப்பா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமும் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் வாரம், சனிக்கிழமை காலை, தம்பி வந்து இறங்கினான். மீன் வாங்க மூவரும் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போனோம்.

"பிரதரு, கொடுவா எடுத்துக்கோ. குருமடத்துல உனுக்கு முள்ளத்தான் போடுவாங்க" என்றாள் மீன்காரம்மா. அவன் பேரம் பேசாமல் எடுத்தான். படகுகள் இழுத்துவிட்டிருந்த மணலில் நடக்கும்போது அவனே பேச்சை எடுத்தான்.

"மனுவ ஃபாதரு காட்டுனாருப்பா. ரெண்டாவது பாயிண்டுக்கு நானும் கையெழுத்து போடுவேன்."

அப்பா நின்றுவிட்டார். "இன்னாடா சொல்ற?"

"சாமியாரு கட்டிக்கலாம்னு சொன்னா நான் கட்டிக்குவேன். அக்காவத்தான் பொண்ணு பாக்க அனுப்புவேன். எனக்கும் வூடு, புள்ளைன்னு ஆசை கீது. இல்லன்னு சொன்னா அது பொய்."

"அப்புறம் ஏன்டா போற?"

"ஆண்டவரு கூப்புடறது இப்பப்பா. சட்டம் மாறட்டும், அப்புறம் வான்னு கூப்புடலியே."

சாமியார்கள் கல்யாணம் செய்துகொள்ள விட வேண்டும் என்பதுதான் என் கருத்து, இன்றும் மாறவில்லை. அதற்கான காரணங்களைப் பட்டியலாகவே வைத்திருக்கிறேன். தொழிற்சாலையில் ஒரு பாகத்துக்கான அளவு வரம்பு தேவைக்கு மேல் இறுக்கமாகத் தெரிந்தால் மாற்றச் சொல்லி எழுதுவோம். பதில் வரும்வரை அந்த வேலையைத் தள்ளி வைப்போம். இவன் வரம்பு தவறு என்கிறான். அது மாறக் காத்திருக்காமல் தன் ஆயுளை அதற்குள் கொண்டுபோய் வைக்கிறான். ஆசை இல்லாதவன்தான் துறப்பான் என்று அதுவரை நினைத்திருந்தேன். சின்ன வயதில் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தவன், மீன் பையோடு முன்னால் நடந்துகொண்டிருந்தான். கூடவே நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு அடி பின்னாலேயே போனேன்.

அன்று மதியம் பரிமாறியது அப்பாதான். குழம்பில் பெரிய துண்டை எடுத்து அவன் தட்டில் போட்டார்.

மறுநாள் மூன்றாவது ஓலை. முதலில் என்னுடையது, அடுத்து தம்பியுடையது. தடை ஏதேனும் தெரிந்தவர்கள் என்று படித்துவிட்டு, வழக்கமாக நிறுத்தாத பங்குத்தந்தை கொஞ்சம் நிறுத்தினார். அப்பா மனு கொடுத்தது ஊருக்கே தெரியும். தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. அந்த வரிக்குக் கோயிலில் யாரும் வாய்விட்டுப் பதில் சொல்வதில்லை.

அப்பா எழுந்து நின்றார். "ஒண்ணும் இல்ல சாமி" என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பங்குத்தந்தை மைக்கிலேயே "நன்றி ஐயா" என்றார். பிறகு மறைக்கல்வி வகுப்பு நேரம் மாறியிருப்பதை அறிவித்தார். அப்பா கைகளை முழங்காலில் அழுத்தி வைத்திருந்தார்.